ஜெபிக்கக் கற்றுக்கொள்வது: கர்த்தருடைய ஜெபம் முதல் குடும்ப ஜெபம் வரை

சீஷர்கள் இயேசுவிடம் எத்தனையோ கேட்டார்கள். பரலோக ராஜ்யத்தில் எவன் பெரியவன், முடிவு எப்போது வரும், வலது பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். ஆனால் ஒன்றைச் செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதாகச் சுவிசேஷங்களில் வருவது ஓரிடத்தில்தான்: "ஆண்டவரே, யோவான் தன் சீஷருக்கு ஜெபம்பண்ணப் போதித்ததுபோல, நீரும் எங்களுக்குப் போதிக்கவேண்டும்" (லூக்கா 11:1). கேட்டவர்கள் ஜெபமே அறியாதவர்கள் அல்லர். யூத வீடுகளில் பிறந்து, காலையும் மாலையும் "இஸ்ரவேலே, கேள்" என்று சொல்லி, சங்கீதங்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் சபைகளில் ஜெபத்தின் முக்கியத்துவம் குறித்த பிரசங்கங்களுக்குக் குறைவே இல்லை. 'ஜெபமே ஜெயம்' என்று காலண்டரிலும் ஆட்டோவின் முதுகிலும் எழுதியிருக்கிறது. எப்படி ஜெபிப்பது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் குறைவு. திடப்படுத்தல் வகுப்பில் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்பித்துவிட்டு வரும் இளைஞர், வீட்டில் தனியே முழங்கால் போட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கிறார். அதைத் தன் விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, குற்றவுணர்வோடு மெல்ல விட்டுவிடுகிறார். பல நேரங்களில் குறை அங்கே இல்லை. ஜெபம் உள்ளம் நிறைந்தால் தானாகப் பொங்கி வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வேதமும் திருச்சபையின் நெடுங்கால வழக்கமும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றாகவே நடத்திவந்திருக்கின்றன.

அந்தக் கேள்விக்கு இயேசு கொடுத்த பதிலை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும். மத்தேயு 6:9–13-இல் உள்ள வடிவத்தையே நாம் ஆராதனையில் சொல்கிறோம். லூக்காவின் வடிவம் இன்னும் சுருக்கமானது. பழைய மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் தெரியும். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்ற முடிவு மிகப் பழமையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஆனால் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான டிடாகே இதையொத்த ஒரு முடிவைத் தருகிறது. இந்த ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்றும் சொல்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் குருவானவரின் ஒரு சிறு மன்றாட்டுக்குப் பிறகு இதே புகழ்ச்சி வருகிறது. ஆகவே 'அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்' என்று நம் புராட்டஸ்டன்ட் பக்கத்தில் சொல்வது சரியல்ல.

இந்த ஜெபத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று விண்ணப்பங்களும் தேவனைப் பற்றியவை: அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதற்குப் பிறகுதான் நம் காரியம் வருகிறது: ஆகாரம், மன்னிப்பு, சோதனை, தீமை. கடைசி இரண்டையும் தனித்தனியாக எண்ணும் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஏழு விண்ணப்பங்கள் என்பார்கள். ஒன்றாகச் சேர்த்து எண்ணும் கால்வின் வழிச் சபையார் ஆறு என்பார்கள். எப்படி எண்ணினாலும் 'நான்', 'எனக்கு' என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை. அறைக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டித் தனியே ஜெபம்பண்ணச் சொன்ன அதே அதிகாரத்தில், தனியே இருப்பவனும் 'எங்கள் பிதாவே' என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம்மில் பெரும்பாலானோரின் சொந்த ஜெபம் நான்காவது விண்ணப்பத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வேலை, கடன், வியாதி, பிள்ளையின் கல்யாணம். இவற்றைக் கேட்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. கேட்கச் சொன்னவரே அவர்தான். ஆனால் இவை மட்டுமே இருக்கும்போது, கேட்டது கிடைத்தவுடன் ஜெபிக்கக் காரணம் இல்லாமல் போகிறது. கிடைக்காவிட்டாலும் ஜெபம் நின்றுபோகிறது.

ஒரு வாரம் இப்படிச் செய்து பார்க்கலாம். கர்த்தருடைய ஜெபத்தை வரி வரியாகச் சொல்லி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தி, ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ சொந்த வார்த்தையில் பேசுவது. 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்றதும், நேற்றைய நாளில் நன்றி சொல்லத்தக்க ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். 'எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொன்னால் மனம் அதில் நிற்காது. 'ராஜ்யம் வருவதாக' என்ற இடத்தில் வீட்டுக்கு வெளியே உள்ளவை வரட்டும்: சபை, ஊர் ஏரி, அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், வருடக்கணக்கில் வழக்காடும் ஏழை. 'சித்தம்' என்ற இடத்தில், இன்னும் முடிவெடுக்காமல் இருக்கும் ஒரு காரியம். 'ஆகாரம்' என்ற இடத்தில் இன்றைக்கு வேண்டியது மட்டும். அந்த வரியில் 'இன்று' என்ற சொல் இருப்பதற்குக் காரணம் உண்டு. மன்னிப்பில் ஒரு பாவத்தையும், நாம் மன்னிக்க வேண்டிய ஓர் ஆளையும் பெயரோடு சொல்ல வேண்டும். 'சோதனை' என்றதும், இன்று எந்த இடத்தில், யார் முன்னால் தடுக்கி விழுவோம் என்று முன்கூட்டியே தெரிந்ததைச் சொல்லலாம். நிதானமாகப் போனால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். சொல்ல ஒன்றுமில்லை என்ற சிக்கல் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதுவும் புதிய உத்தி அல்ல. விட்டன்பர்க் நகரத்தில் மார்ட்டின் லுத்தருக்கு முடிதிருத்திய பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரைக் கேட்டார். லுத்தர் 1535-இல் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதினார். கர்த்தருடைய ஜெபத்தை விண்ணப்பம் விண்ணப்பமாக விரித்துச் சொல்லும் வழி அதில் இருக்கிறது. பத்துக் கட்டளைகளுக்கு அவர் சொன்ன வழி இன்னும் கைக்கு எளிது. ஒவ்வொரு கட்டளையையும் நான்கு இழையாகப் பிரிக்க வேண்டும்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. நடுவில் ஒரு நல்ல சிந்தனை வந்து பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிட்டு அங்கேயே நில் என்றும் சொல்கிறார். கவனம் சிதறுவதைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஆளின் தொழிலையே எடுத்துக்கொள்கிறார்: கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் முடிதிருத்துபவன் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான்.

தமிழர் விஷயத்திலும் கிறிஸ்தவம் வந்தபோது ஜெபப் பாடம் கூடவே வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். உள்ளூரில் இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம் ('அருள் நிறைந்த மரியே'), கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி முதலில் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலும், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான, ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கிய 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' நூலும் இந்த ஜெபங்களும் ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடமும்தான். தமிழ் அச்சின் வரலாறு ஜெபம் கற்றுக்கொடுக்கும் புத்தகத்தில் தொடங்குகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கியதும் இதே பாதைதான். காலையில் எழும்போதும் இரவில் படுக்கும்போதும் சொல்ல வேண்டிய ஜெபங்கள் அந்த ஞானோபதேசத்தில் உண்டு.

நேரமும் இடமும்

தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளை ஜெபத்துக்குத் தேவாலயத்துக்குப் போனார்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வாரத்துக்குள் 150 சங்கீதங்களையும் முடிக்கும்படி ஒழுங்கு வகுத்தார். அதே ஒழுங்கில், கூடி ஜெபிக்கும்போது ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். வயலுக்கும் கடைக்கும் போகிறவர்களால் துறவியரின் ஏழு எட்டு வேளைகளைப் பின்பற்ற முடியாது என்பதால், 1549-இல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் அவற்றைக் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டாகச் சுருக்கி, சங்கீதங்களை முப்பது நாளில் முடியும்படி பிரித்தார். கத்தோலிக்க ஊர்களில் காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என அடிக்கும் மூவேளை மணியும் இதே எண்ணத்தில் பிறந்தது.

எல்லாருக்கும் பொதுவான அடிப்படை, நேரம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது. மனம் வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால், மனம் வருவது ஆபத்து நேரத்தில் மட்டும்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது அளவில். உபவாசக் கூட்டத்தில் உணர்த்தப்பட்டு, நாளையிலிருந்து காலை நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பார்கள். மூன்றாம் நாள் தூங்கிவிழுவார்கள். இரண்டாம் வாரம் நின்றுவிடும். பதினைந்து நிமிடம் போதும். எழுந்து முகம் கழுவிய பிறகு, செல்போனைத் தொடுவதற்கு முன். வேதத்தைச் செல்போன் செயலியில்தான் வாசிப்பேன் என்பவர்கள் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் மேலே வந்து நிற்கும். ஒரே இடம், ஒரே நாற்காலி அல்லது பாய். முழங்கால் போட முடிந்தால் போடலாம். மூட்டுவலி உள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பதில் குறைவொன்றும் இல்லை. வேதத்தில் நின்றும், குப்புற விழுந்தும், சுவர்ப்புறமாகத் திரும்பிப் படுக்கையில் கிடந்தும் ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வேதம், பிறகு ஜெபம் என்ற வரிசை பலருக்குக் கைகொடுக்கும். பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய ஜார்ஜ் முல்லர், காலையில் எழுந்தவுடன் ஜெபத்தில்தான் தொடங்குவார்; பாதி நேரம் மனம் அலைந்துகொண்டே இருக்கும். 1841 வாக்கில் வரிசையை மாற்றி, முதலில் ஒரு பகுதியை மெல்ல வாசித்து அதிலிருந்து ஜெபத்துக்குப் போகத் தொடங்கினார். வாசிப்பது தேவன் பேசுவதைக் கேட்பது என்றால், அவர் முதலில் பேசுவதும் நாம் பதில் சொல்வதும்தானே முறை?

எதை வாசிப்பது என்று தெரியாதவர்களுக்குச் சங்கீதங்கள் உண்டு. இன்றைய தேதியை எடுத்துக்கொண்டு அதோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் அன்றைக்கு ஐந்து சங்கீதங்கள் வரும். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தையும் பார்வையால் ஓட்டி, ஒன்றை மட்டும் வாய்விட்டு வாசிக்கலாம். 29-ஆம் தேதி 119-ஆம் சங்கீதம் வந்து விழும், 176 வசனம். அதை ஒதுக்கி 31-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

மனம் அலைகிறது என்பதுதான் அநேகரின் முறையீடு. வாய்விட்டு, மெல்லிய சத்தத்தில் ஜெபித்தால் பாதி குறையும். ஜெபக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தால் இன்னும் குறையும். ஒரே நினைவு திரும்பத் திரும்ப வந்தால் அதைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். மின்கட்டணமோ அண்ணன் பேசிய பேச்சோ, அதையே ஜெபத்தின் பொருளாக்கிவிடலாம். உண்மையில் அன்று நம் உள்ளத்தில் இருப்பது அதுதான்.

உபவாசம் பற்றி ஒரு வார்த்தை. டிடாகே புதன், வெள்ளி என்று இரு நாள் குறிக்கிறது. நம் ஊர்களில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வேர்பிடித்துவிட்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி, கூட்டத்தின் நடுவே மயங்கி விழுவதை 'ஆவியில் விழுந்தார்' என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

சத்தமாக, மற்றவர்களுக்காக

சபையிலோ வீட்டுக் கூட்டத்திலோ 'நீங்க ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க' என்றால் பலருக்கு வியர்த்துவிடும். பழைய ஆராதனை முறைகளில் அன்றைய நாளுக்கென்று வரும் சிறு ஜெபங்கள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். அவற்றுக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்காக அந்த அமைப்பில் ஒன்று:

"எங்கள் பரம தகப்பனே, ஞானத்தைக் கேட்ட சாலொமோனுக்கு மறுக்காமல் கொடுத்தவரே, நாளை தேர்வெழுதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த நினைவையும் பயமில்லாத மனதையும் தாரும். படித்ததை அவர்கள் நேர்மையாய் எழுதவும், வருகிற பலனை உம்முடைய கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் இதைக் கேட்கிறோம். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்."

அழைப்பு, அவர் இன்னார் என்ற அறிக்கை, விண்ணப்பம், எதற்காக என்ற நோக்கம், கிறிஸ்துவின் மூலம் என்ற முடிவு. இரண்டாவதையும் நான்காவதையும்தான் நாம் விட்டுவிடுகிறோம். இரண்டாவது இல்லையென்றால் விண்ணப்பம் வெறும் பட்டியல் ஆகிவிடும். நான்காவது இருந்தால் கேட்பதே கொஞ்சம் மாறும்: 'நல்ல மார்க் தாரும்' என்று தொடங்கியவர், எதற்காக என்று சொல்ல வரும்போது தயங்குவார். அந்தத் தயக்கம் நல்லது. "உங்கள் இச்சைகளை நிறைவேற்றும்படி செலவழிக்கவேண்டுமென்று தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறபடியினால், பெற்றுக்கொள்ளாமலிருக்கிறீர்கள்" என்று யாக்கோபு எழுதியது நோக்கத்தைப் பற்றித்தான்.

அப்போஸ்தலர் நடபடிகள் 4-இல் மிரட்டப்பட்டுத் திரும்பிய விசுவாசிகளின் ஜெபத்திலும் இதே எலும்புக்கூடு இருக்கிறது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று தொடங்கி, இரண்டாம் சங்கீதத்தை நினைவுகூர்ந்து, நடந்ததைச் சொல்லி, பிறகு கேட்கிறார்கள். கேட்டது மிரட்டல் நீங்க வேண்டும் என்றல்ல. தைரியமாய் வசனம் சொல்ல வேண்டும் என்று.

ஒவ்வொரு நாலாவது வார்த்தைக்கும் 'ஆண்டவரே', 'அப்பா', 'ஸ்தோத்திரம்' வருவதற்கு பக்தி மட்டும் காரணமில்லை. அடுத்த வாக்கியம் மனதில் இன்னும் உருவாகவில்லை. வாய் நிற்க அஞ்சுகிறது. நிற்கட்டும். இரண்டு விநாடி மௌனத்தால் யாருக்கும் இடறல் வராது. ஜெபிக்கும் முன்பே மூன்று காரியங்களை மனதில் குறித்துக்கொண்டு, மூன்று முடிந்ததும் ஆமென் சொல்லிவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் உதவியும்கூட. சாப்பாட்டு ஜெபத்தில் உலக சமாதானம் வரை போகிறவர்களை, சோறு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மறப்பதில்லை.

குடும்ப ஜெபம் இதையெல்லாம் பழக்கும் களம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் பிள்ளைகள் பாயிலேயே சாய்ந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் வைப்பது நல்லது. ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும், பத்துப் பன்னிரண்டு வசனங்களை ஆளுக்கொன்றாகச் சுற்றி வாசிப்பது, பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஏதாவது, ஒருவர் சுருக்கமாக ஜெபிப்பது, எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், கடைசியில் "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினுடைய கிருபையும்" என்ற ஆசீர்வாதம். எல்லாம் கால் மணி நேரம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு லேவியராகமத்தைக் கொடுக்காமல் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். சம்பவம் சம்பவமாக நகரும்.

குடும்ப ஜெபத்தைக் கெடுப்பது ஒரே ஒரு வழக்கம்தான் என்றால் மிகையாகாது: ஜெபத்துக்குள் திட்டுவது. 'ஆண்டவரே, இந்தப் பையனுக்குப் படிப்பில் அக்கறையே இல்லையப்பா, செல்லையே நோண்டிக்கொண்டிருக்கிறான், நீரே இவனைத் திருத்தும்' என்று தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தேவனுக்குச் சொல்வதல்ல என்று பையனுக்குத் தெரியும். பதில் சொல்லவும் வழியில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் பதினைந்து வயதில் குடும்ப ஜெபத்துக்கு வர மறுப்பவர்கள் ஜெபத்தை மறுப்பதாக நினைத்துவிடக் கூடாது.

திரும்பத் திரும்பச் சொல்வது

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற வசனத்தைக் காட்டி ஜெபமாலையைக் குறைசொல்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதே சுவிசேஷத்தில், கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபம்பண்ணினார் என்றும் இருக்கிறது (மத்தேயு 26:44). கண்டிக்கப்படுவது திரும்பச் சொல்வது அல்ல, அதிக வசனிப்பினால் தேவனைச் சம்மதிக்க வைக்கலாம் என்ற எண்ணம். 53 மணி 'அருள் நிறைந்த மரியே' சொல்பவர் ஒவ்வொரு பத்துக்கும் கிறிஸ்துவின் வாழ்வில் ஒரு சம்பவத்தைத் தியானிக்க வேண்டும் என்பதே அதன் முறை. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் அவர்களுடைய போதனைப்படியே குறைதான். ஆயிரம் ஸ்தோத்திரத்தை எண்ணி முடிப்பதையே நோக்கமாக வைத்துக்கொள்ளும் நம் கூட்டங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கீழைத் திருச்சபைகள் "இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒற்றை வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லப் பழக்குகின்றன. பேருந்தில் நின்றுகொண்டும், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டும் சொல்ல இதைவிட ஏற்றது இல்லை. எகிப்தின் துறவிகள் அம்பு எய்வதுபோல் அடிக்கடி சின்னச் சின்ன ஜெபங்களை ஏறெடுக்கிறார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் புரோபா என்ற விதவைக்கு எழுதியதும் இந்தக் கவனத்தைக் காக்கும் வழியைப் பற்றித்தான்.

சங்கிலி ஜெபம் நடத்தும் சபைகளுக்கு ஒரு குறிப்பு. ஹெர்ன்ஹட் என்ற ஜெர்மானியக் கிராமத்தில் மொரேவிய சபையார் 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களுமாக மணிக்கணக்கைப் பிரித்துக்கொண்டு தொடங்கியது நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு மணிக்கும் இருபாலிலும் ஒருவர் இருக்கும்படியான எண்ணிக்கை அது. நம் சங்கிலிகள் அறுவது அதிகாலை இரண்டுக்கும் நான்குக்கும் இடையில். அந்த மணிகளுக்கு மட்டுமாவது இருவர் இருவராகப் போட வேண்டும்.

கேட்டும் கிடைக்காதபோது

இதைப் பற்றிப் பேசாமல் ஜெபத்தின் மேன்மையை மட்டும் பேசினால் கேட்பவர்களை ஏமாற்றியதாகும். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது. இயேசுவே கேட்ட பாத்திரம் அவரை விட்டு நீங்கவில்லை. இவ்விருவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று எந்தப் பிரசங்கியார் சொல்லுவார்? ஆனால் பிள்ளையில்லாத தம்பதியிடமும் புற்றுநோயாளியிடமும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற முறையீடு முதல் இரண்டு வசனங்கள், விண்ணப்பம் அடுத்த இரண்டு, "நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பது கடைசி இரண்டு. துக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த வார்த்தை வராதபோது இதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். சில நாட்களில் கடைசி இரண்டு வசனங்களும் வராது. அப்போது 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. நம்பிக்கை வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடியும் அதையும் திருச்சபை வெட்டியெறியாமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறது. துக்க வீட்டில் போய் 'ஸ்தோத்திரம் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்துவதைவிட அதை மெல்ல வாசித்துவிட்டு உட்கார்ந்திருப்பது நல்ல ஊழியம்.

வியாதிக்கு யாக்கோபு 5:14 சொல்லும் முறை தெளிவானது. சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், பாவ அறிக்கையும் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வரி அங்கே இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதியவர், நோயாளிகளுக்காக ஜெபித்த அதே பவுல்தான். சுகமானதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டி, பரிசோதனை முடிவு வந்த பிறகு சபையில் சாட்சி சொல்லலாம். தேவனுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பொருத்தனையிலும் எச்சரிக்கை வேண்டும். அன்னாளின் பொருத்தனை வேதத்தில் இருக்கிறது. அவசரப்பட்டு நேர்ந்த யெப்தாவின் பொருத்தனையும் இருக்கிறது. நம்முடையதை நாம் நேரலாம். 'மகன் பிழைத்தால் அவனை ஊழியத்துக்கு விடுகிறேன்' என்று மகனின் வாழ்க்கையை நேர்ந்துவிட்டு, இருபது வருடம் கழித்து அவனை இறையியல் கல்லூரிக்குத் தள்ளுவது அவன்மேல் சுமத்தும் பாரம்.

ஜெபத்துக்குத் தடை என்று வேதம் வெளிப்படையாகச் சொல்லுபவற்றில் முக்கியமானது உறவு முறிவு. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. மனைவியைக் கனப்படுத்தாத புருஷனின் ஜெபம் தடைபடும் என்கிறார் பேதுரு. கர்த்தருடைய ஜெபத்தை முடித்த கையோடு இயேசு விளக்கம் சொல்வதும் மன்னிப்பு விண்ணப்பம் ஒன்றுக்கு மட்டும்தான். சபைத் தேர்தல் வழக்கில் எதிரெதிராக நிற்கும் இரண்டு கோஷ்டியும் தனித்தனியே முழு இரவு ஜெபம் நடத்துவது நமக்குப் பழகிப்போன காட்சி. அங்கே குறைவது ஜெப நேரம் அல்ல.

ஜெபக் குழுக்களில் உறவு கெடுவது பெரும்பாலும் விண்ணப்பம் கேட்கும் விதத்தில். 'இன்னாரின் மகள் விஷயம் தெரியும்தானே, அவளுக்காக ஜெபியுங்கள்' என்பது பக்தி உடுத்த வம்பு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மாலைக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் யாருடைய பெயரையும் போடக் கூடாது. நோயின் பெயரும் தொகையும் வேண்டாம். 'ஒரு சகோதரிக்கு வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை' என்பது ஜெபிக்கப் போதுமான விவரம். கேட்டவர் என்ன நடந்தது என்று குழுவுக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும்; கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் அந்த வரிக்கு எதிரே தேதியைப் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.